இலக்கம் எழுதும் கட்டம்

ஆஸ்பத்திரி வீதியில் காலை எட்டரைக்கே வெயில்
என் தகரப் பெட்டிக்குள் வந்து குந்திவிடும்.
எனக்கு முகங்கள் தெரியாது.
குனிந்தபடி வேலை.
பற்றுச்சீட்டில் மூன்று கட்டம்:
நேரம், தொகை, வாகன இலக்கம்.
மூன்றாவதை நிரப்பாமல் சீட்டுக் கிழிக்கக்கூடாது
என்பது குத்தகைக்காரரின் கட்டளை.

பதினொரு வருசம். தகட்டைப் பார்த்தே சாதகம் சொல்வேன்.
மூன்றெழுத்து என்றால் புதுசு,
லீசிங் இன்னும் முடிந்திராது.
ஏ-யில் தொடங்கினால் ஓட்டோ,
பீ மோட்டார்சைக்கிள், சீ கார்.
பக்கத்தில் சின்னதாய் என்பி இருந்தால் எங்கட மாகாணம்.
டபிள்யூபி கொழும்பு. கலியாணத்துக்கோ
நல்லூர்க் கொடிக்கோ வந்திருப்பார்கள்,
மிச்சக் காசு கேட்காமல் போவார்கள்.
இப்போது வரும் தகடுகளில் மாகாணம் இல்லை.
ஆர் எவ்விடத்தார் என்று
கதைக்க வைத்துத்தான் பிடிக்கவேண்டிக் கிடக்கு.

வியாழக்கிழமைகளில் நொத்தாரிசு அருளப்பரின்
மொறிஸ் மைனர் வரும். ஈஎன்.
சிலோன் என்ற பெயரைக் கழற்றி
எழுத்தெழுத்தாய்க் கார்களுக்குப் பூட்டிய காலத்தது.
பெற்றோல் இல்லாத வருசங்களில் மண்ணெண்ணெய் குடித்தது,
இன்னும் வாய் நாறும்.

அதற்குப் பின்னால் ஒரு லொறி. நடுவில் ஸ்ரீ, சிங்களத்தில்.
நான் தமிழில் எழுதுகிறேன்.
ஒருவரும் தார்வாளி தூக்கி வரவில்லை.
இந்த ஓரெழுத்துக்காக
இங்கே தகடுகளில் தார் பூசி மறியலுக்குப் போனார்கள்.
அங்கே கடைப்பலகைகளில் எங்கள் எழுத்துக்குப் பூசினார்கள்.
எழுத்து முடிந்ததும் ஆட்கள்.
பேனாமுனை இரண்டு தரம் வளைகிறது.
நாற்பது ரூபாய்.

பிறகு அரசாங்கத்துக்கும் அலுத்துப்போய்,
எழுத்தே வேண்டாம் என்றது.
இலக்கம், கோடு, இலக்கம்.
கோட்டுக்குப் பாசை இல்லைத்தானே.
அந்தக் கோட்டு வண்டிகளைத்தான்
சென்றிப் பொயின்றில் ஆமிக்காரன் கொப்பியில் பதிந்தான்,
போகும்போது ஒருக்கால், வரும்போது ஒருக்கால்.
என்னுடையதைவிட வடிவான கையெழுத்து.

இரண்டாயிரத்து ஆறு, மார்கழி,
ஊரடங்குக்குக் கால்மணி முன்னம்
கமலரூபனைக் கொண்டுபோன வான்
எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது
நான் படலையடியில் நின்றேன்.
முகம் பார்க்கவில்லை. தகட்டைத்தான் பார்த்தேன்,
அப்போதே இந்தப் பழக்கம்.
முன்னால் இரண்டு ஆணித்துளை.
போகும்போது
பின்னால் இரண்டு ஆணித்துளை.

பொலிசில் பாரம் நிரப்பிய பெடியன் கேட்டான்:
வாகன இலக்கம்?
இல்லை.
மறந்திட்டீங்களோ?
இல்லை. இலக்கம் இல்லை.
அவன் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தான்.
பிறகு மனித உரிமைக் கந்தோரில் ஒரு கோடு.
ஆணைக்குழு வந்தது, இன்னொரு கோடு.
அதற்குப் பிறகு வந்தவர்கள்
பழைய பாரத்தைப் பார்த்தே இழுத்தார்கள்.

இந்த வருசம் தகட்டுக்குத் தட்டுப்பாடாம்.
காசு கட்டியும் மாதக்கணக்கில் வருவதில்லை.
மூளி முகத்தோடு புது வண்டிகள்
வளைவில் திரும்பும்போதெல்லாம்
கையில் இருக்கும் சில்லறையை நான்
இறுக்கிப் பிடிக்கிறேன்.
பிறகு உள்ளே பார்த்தால் ஆரோ ஒரு குடும்பம்,
முன்சீற்றில் பிள்ளை ஐஸ்கிறீமோடு.

நேற்று ஒரு தாதிப்பிள்ளை,
சீற்றில் பொலித்தீன் கழற்றாத ஸ்கூட்டி.
அக்கா, நம்பர் இன்னும் வரேல்லை,
சும்மா ஒரு கோடு போட்டுத் தாங்கோ,
டியூட்டிக்கு நேரமாச்சு.

மாட்டன் என்றேன்.
பின்னால் நாலு பேர் ஹோன் அடித்தார்கள்.
இறங்கச் சொல்லி, அவளுடைய போன் வெளிச்சத்தில்
தெருவில் முழங்காலூன்றி
இரும்பில் அடித்திருந்த சேசி இலக்கத்தை
எழுத்தும் எண்ணுமாய்ப் பதினேழையும்
ஒவ்வொன்றாய் வாய்விட்டுப் படித்து எழுதினேன்.
கட்டம் காணவில்லை.
தொகைக்குள்ளும் போய், நேரத்துக்குள்ளும் போயிற்று.